மக்கள் கடையா, கூட்டுறவா, மௌங்கோவா? நே வின் காலத்துக் கடைத்தெரு

1964-லிருந்து 1988 வரை பர்மாவில் குடும்பம் நடத்திய பெரியவர்களிடம் "சாமானெல்லாம் எங்கே வாங்குவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன சாமான்?" என்று திருப்பிக் கேட்பார்கள். சவர்க்காரத்துக்கு ஓரிடம், லுங்கிக்கு ஓரிடம், ஊசி மருந்துக்கு வேறோரிடம். அரசுக் கடை உதவாக்கரை, கள்ளச்சந்தைதான் ஊரைக் காப்பாற்றியது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. அந்த இரண்டும் எதிரிக் கடைகள் இல்லை. ஒன்றின் பின்வாசலில்தான் மற்றது நடந்தது.

முதலில் கடைகள் எப்படி மாறின என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச் 2-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஏப்ரல் 30-இல் 'சோஷலிசத்துக்கான பர்மியப் பாதை' வெளியானது. 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசின் கைக்குப் போயின. 1964 மார்ச் 19-இல் ரங்கூனின் மொத்த வியாபாரக் கடைகளும் பெரிய சில்லறைக் கடைகளும் அரசுடைமை ஆயின. மூன்றே வாரத்தில் மற்ற ஊர்களிலும் அதே கதை. மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கடையும் போய், கல்லாப்பெட்டியில் இருந்த பணமும் போனால் வியாபாரிக்கு என்ன மிஞ்சும்? பிரேசர் தெருவிலும் மொகல் தெருவிலும் சூரத்தி பஜாரிலும் கடை வைத்திருந்த நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வெளியேறிய இந்திய வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜாரைப் போட்டு வெளிநாட்டுச் சாமான் விற்றுப் பிழைத்தது இந்தக் கதையின் கிளை. விதி சில நேரம் குசும்பு பிடித்தது.

பர்மாவிலேயே தங்கிவிட்டவர்கள் முன் மூன்று வாசல்கள் இருந்தன: அரசு நடத்திய மக்கள் கடை, கூட்டுறவுக் கடை, கள்ளச்சந்தை.

மக்கள் கடையில் விலை மலிவு. இதை மறுக்கவே முடியாது. கடைக்குப் பெயர் கிடையாது, எண்தான். நிர்வாகத்தில் ராணுவத்துக்காரர். வீட்டுப் பதிவும் ரேஷன் புத்தகமும் காட்டினால் அரசு விலைக்கு எண்ணெய், சவர்க்காரம், நூல், துணி. வந்திருந்தால்தான். ஒரு பேட்டைக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். கடைக்கு வருவதோ கைவிரல் எண்ணிக்கையில் தெர்மாஸ் பிளாஸ்க்கும் குடையும். ஆகவே சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்தவர் காசு கட்டிச் சாமானை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். கடை வாசலிலேயே தரகர் நிற்பார். வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து அங்கேயே வாங்கிக்கொள்வார். பிளாஸ்க் தேவைப்படாத வீட்டுக்காரரும் குலுக்கலில் கலந்துகொண்டதற்குக் காரணம் இதுதான். அது கடை என்பதைவிடச் சின்ன லாட்டரி என்றே சொல்லலாம். பரிசுத் தொகையைக் கொடுத்தவர் மட்டும் கள்ளச்சந்தைக்காரர்.

கூட்டுறவுக் கடைகள் 1970-இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு பெருகின. பேட்டைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று. பங்குப் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். மக்கள் கடையைவிட இது ஒரு படி மேல் என்பேன். நிர்வாகம் செய்தவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள். சத்தம் போட்டுக் கேட்க முடிந்தது. வேலை பார்க்கும் இடத்திலேயே கடை இருந்தவர்களுக்கு, குறிப்பாகத் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் இருந்தவர்களுக்கு, சட்டைத் துணியாவது ஒழுங்காகக் கிடைத்தது. ஆனால் சரக்கு வந்த குழாய் ஒன்றுதான். மேலே அரசு வணிகக் கழகம் திறந்துவிட்டால் கீழே சொட்டும். அதிலும் வேண்டியவருக்கு முதல் சொட்டு.

மூன்றாவது, பர்மியர் மௌங்கோ என்று சொல்லும் கள்ளச்சந்தை. வணிகக் கழகங்களுக்கு அரசு வரிசையாக எண் கொடுத்திருந்தது. மக்கள் கேலியாக மௌங்கோவுக்கும் அடுத்த எண்ணைக் கொடுத்து அதையும் ஒரு கழகமாக்கிவிட்டார்கள். கேலி என்றாலும் கணக்குச் சரிதான்: எல்லாக் கழகங்களையும்விட ஒழுங்காகச் சரக்குக் கொடுத்தது அதுதான்.

அந்தச் சரக்கு வந்த வழியைப் பார்த்தால் விலை ஏன் அவ்வளவு என்று புரியும். தாய்லாந்தின் மே சோத்திலிருந்து ஆற்றைக் கடந்து மியாவடிப் பக்கம். அங்கே எல்லைவாயில்களைக் கையில் வைத்திருந்த, அரசை எதிர்த்து ஆயுதமேந்திய கரேன் தேசிய ஒன்றியத்துக்கு வரி. அவர்களது போராட்டத்துக்கு அந்த வரிதான் பெரிய வருமானம். பிறகு சுமைகூலிகள் முதுகில் தாவ்னா மலையைத் தாண்டி, கவுக்கரேக் வழியாக மோல்மீனுக்கு. மோல்மீனிலிருந்து சால்வீன் ஆற்றை ஃபெர்ரியில் கடந்து மார்த்தபான். அங்கிருந்து ரயிலில் ரங்கூன். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கை நீளும். லுங்கிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு பருத்த உடம்புடன் ரயிலேறிய பெண்களைப் பற்றி அந்தத் தலைமுறையினர் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பிடிபட்டால் சிரிப்பு இல்லை. சரக்கும் போகும், சிறையும் உண்டு. எதிர்த்திசையில் மாடு, தேக்கு, ஜேட் என்ற பச்சைக்கல், ஈயம் என்று நாட்டின் சொத்து போய்க்கொண்டிருந்தது. மௌங்கோவைப் புகழ்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதில் வேடிக்கையான பங்கு ஒன்று இருந்தது. அவர்களுக்கு 7 நாள் விசாதான். பாங்காக் விமான நிலையத்தில் ஒரு ஜானி வாக்கர் பாட்டிலும் 555 சிகரெட் பெட்டியும் வாங்கி வந்து ரங்கூனில் விற்றால் ஒரு வாரச் செலவில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அரசு மாற்று விகிதம் டாலருக்குச் சுமார் 6 கியாட் என்று நிற்க, வெளியே அதைப் போலப் பல மடங்கு கொடுத்தார்கள். எல்லோரும் அறிந்த ரகசியம் அது.

இப்போது பொருள் பொருளாகப் பார்க்கலாம்.

அரிசியில் மௌங்கோவை நான் ஆதரிக்க மாட்டேன், அரசுக் கடையையும் ஆதரிக்க மாட்டேன். அரசு விவசாயியிடம் கட்டாய அளவு வைத்து, தான் சொன்ன விலைக்கு நெல்லை எடுத்தது. மலிவாக எடுத்தால் விவசாயி நல்ல நெல்லையா கொடுப்பார்? ரேஷனில் நொய்யும் பழைய வாடையும் வந்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது. கஞ்சிக்கும் இட்லி மாவுக்கும் ரேஷன் அரிசி, விருந்தாளி வந்தால் வெளியே வாங்கிய அரிசி என்று வீடுகளில் இரண்டு பானை இருந்தது. அரிசி விளையும் நாட்டில் 1967-இல் பஞ்சம் மாதிரி ஆகி, ஆகஸ்ட் 13-இல் அக்யாபில் அரிசி கேட்டுத் திரண்டவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. தனியார் மூட்டையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை இருந்ததால் ஓரிடத்தில் குவிந்தும் ஓரிடத்தில் காய்ந்தும் கிடந்தது. இரண்டு கடைகளுமே தோற்ற இடம் இது.

துணியில் போட்டியே இல்லை. தாய்லாந்துத் துணி சாயம் போகாது, அவ்வளவுதான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மௌங்கோ.

மருந்துதான் சிக்கலானது. அரசு மருந்து ஆலையான பிபிஐயின் மருந்துகள் தரத்தில் நம்பகமானவை. வயதானவர்கள் இன்றும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். கிடைப்பதுதான் அரிது. ஆஸ்பத்திரியில் இல்லாத அதே பிபிஐ மாத்திரை வெளியே நடைபாதையில் இருக்கும். எல்லை தாண்டி வந்த மருந்து வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ, அட்டையில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? மருந்துக்கு மட்டும் அரசுக் கடையில் கால்கடுக்க நிற்கலாம் என்பது என் கட்சி. ஜுரம் அடிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள் அப்படி நிற்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிகரெட்டுக்கு அரசின் டூயா போதும். காய்கறி, மீன், ஙாப்பி என்ற மீன் விழுது, வெற்றிலைக்கு இந்த மூன்று வாசலும் தேவைப்படவில்லை. கூடைக்காரிகளை எந்தச் சட்டமும் அசைக்கவில்லை. கடையிழந்த தமிழர்கள் பலர் தோசைக்கல்லோடும் வேகவைத்த கடலையோடும் அந்தத் தெருவோரத்தில்தான் மறுபடி கால் ஊன்றினார்கள்.

மலிவு, கிடைப்பது, தரம் மூன்றையும் பேசுகிறோம். கடனைப் பேசுவதில்லை. அரசுக் கடையில் கைக்காசு கொடுத்தால்தான் சாமான். தெரிந்த மௌங்கோக்காரர் சம்பளத்துக்கு முந்தின வாரமும் துணி கொடுப்பார், வட்டியை விலையிலேயே சேர்த்துவிடுவார். வாரக்கூலிக் குடும்பங்களை அவர் பக்கம் இழுத்தது சரக்கைவிட இந்தத் தவணைதான் என்று நினைக்கிறேன். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான்.

அரசால் விலையிலோ சரக்கிலோ மௌங்கோவை வெல்ல முடியவில்லை. அதனால் நோட்டின்மீது கை வைத்தது. 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாக்காசு ஆக்கினார்கள். பதிலுக்கு வந்தவற்றில் 75 கியாட் என்ற விசித்திர நோட்டும் உண்டு. 1987 செப்டம்பர் 5-இல் 25, 35, 75 மூன்றும் போயின, இம்முறை நயா பைசா ஈடு இல்லாமல். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் அரிசி உள்ளிட்ட தானிய வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். கதவைத் திறந்து, உள்ளே வரப் பணம் வைத்திருந்தவனின் மடியை அவிழ்த்த கதை. பெரிய மௌங்கோக்காரர்களோ எப்போதோ தங்கத்துக்கும் சரக்குக்கும் மாறியிருந்தார்கள். பெட்டியில் நோட்டு வைத்திருந்த பால்காரரும் கல்லூரிக் கட்டணம் சேர்த்திருந்த மாணவரும்தான் அழிந்தார்கள். மறு ஆண்டு ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் மாணவர்கள்.

ஆக, பதவியில் சொந்தக்காரர் இருந்த வீட்டுக்கு மக்கள் கடை, பெரிய ஆலையில் வேலை இருந்தவருக்குக் கூட்டுறவு, இரண்டும் இல்லாதவருக்கு மௌங்கோ. நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது வகை. விரும்பிப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இதைப் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு நிர்ணயித்தது; வெளியே விலை ஏறிக்கொண்டே போனது. பாமாயிலுக்கும் நிர்ணய விலை வந்தது. அந்த விலையில் வேண்டுமானால் வரிசையில் நிற்க வேண்டும், உடனே வேண்டுமானால் கடைக்காரர் சொல்வதைக் கொடுக்க வேண்டும். 2024-இல் அரிசியை நிர்ணய விலைக்கு மேல் விற்றதாக யாங்கோனில் (பழைய ரங்கூன்தான்) பலரைப் பிடித்தார்கள். அதில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஜப்பானிய அதிகாரியும் இருந்தார். நல்ல அரிசிக்கு இப்போதும் தெரிந்த கடைக்காரரிடம் காதோடு காதாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.