பிராடோவின் பின்பக்கத்து ‘டொக்’

வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் இருக்காது. இறங்கும்போது மட்டும் பின்னாலிருந்து ‘டொக்’. சுத்தியலில் துணியைச் சுற்றி அடித்தது போல ஒரு சத்தம். டிக்கியில் ஏதோ உருள்கிறது என்று முதலில் டூல்பாக்ஸை இறக்கினேன், அப்புறம் தண்ணீர் கேனை, கடைசியில் மகனின் கிரிக்கெட் பையை. டிக்கி காலியானதுதான் மிச்சம். கோவில்பட்டியிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களோடு சில மாதம் தங்கியிருந்த மாமியார், “நம்ம ஊரு டவுன் பஸ்ஸே தேவலைடி” என்றார். என்னிடம் இல்லை, மகளிடம். ஆனால் ஓட்டுகிறவன் காதில் விழும்படிதான்.

வண்டி 2012 மாடல் டொயோட்டா பிராடோ, 3.0 லிட்டர் டீசல். நான் வாங்கும்போதே பழைய வண்டி. மலைநாடான லெசோத்தோ பக்கம் போகும் ஆசையில் மூன்று வருடத்துக்கு முன் 50 மில்லிமீட்டர் உயர்த்தினேன். உயர்த்திக் கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். முன்னால் எல்லாம் புதிது போட்டார்கள். பின்னால் நீளமான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, கம்பெனி ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) அப்படியே விட்டார்கள். “இரண்டு அங்குலம்தானே, ஒரிஜினலே தாங்கும்” என்றார்கள். எனக்கும் செலவு மிச்சம் என்று தோன்றியது, தலையாட்டிவிட்டேன்.

அந்தத் தலையாட்டலில்தான் கோளாறு. வண்டியைத் தூக்கி நிறுத்துவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங் துள்ளாமல் பிடிப்பது. உள்ளே இருக்கும் எண்ணெயை பிஸ்டனிலுள்ள சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, ஆட்டத்தைச் சூடாக மாற்றிவிடுகிறது. பிராடோவின் பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே ஆக்சிலில். வண்டியை உயர்த்தினால் சும்மா நிற்கும்போதே ஷாக் பாதிக்கு மேல் நீண்டு நிற்கும், கீழே போக மிச்சமிருப்பது கொஞ்சம்தான். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பிஸ்டன் உச்சியில் போய் முட்டும். அதுதான் என் ‘டொக்’. ஒவ்வொரு முட்டலும் மேலே உள்ள ரப்பருக்கும் எண்ணெய் சீலுக்கும் ஓர் அடி.

இது எனக்கு உறைத்தது, லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையில். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறி, ஹோவிக் பக்கம் பிரிந்து, புல்வர், அண்டர்பெர்க், ஹைம்வில் வழியாகப் போகவேண்டும். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டினால் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் விடமாட்டார்கள். மேலே 2,870 மீட்டருக்கு மேல். கொண்டை ஊசி வளைவுகளைவிடக் கீழே வரும் சரளைச் சாலைதான் ஷாக்கைக் கொன்றது. தகரக் கூரை மாதிரி அலையலையாக இருந்தது, பல்லெல்லாம் ஆடியது. டயர் காற்றை 1.7 பாருக்கு இறக்கியும் வண்டியின் பின்பக்கம் வளைவுகளில் வெளியே நழுவிக்கொண்டே இருந்தது. உச்சியில் நிறுத்தியதும் குனிந்து புறங்கையால் இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பார்த்தேன் (உள்ளங்கையால் தொடாதீர்கள், சுட்டால் பிடித்த பிடியை உடனே விட வராது). இடது பக்கம் தொடமுடியாத சூடு, வலது பக்கம் வெதுவெதுப்பு. சூடாகாத ஷாக் வேலை செய்யாத ஷாக். கம்பளி போர்த்திய பசோத்தோ இன இளைஞன் ஒருவன் குதிரை மேலிருந்து என்னையும் என் வண்டியின் அடிவயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் தேடல் ஆரம்பம். பில்ஸ்டீன் கம்பெனி ஷாக் ஒற்றைக்குழாய் வகை, சூட்டை வேகமாக வெளியே தள்ளும். ஆனால் அதில் பிஸ்டன் ஓடுவதே வெளிக்குழாயின் சுவரை ஒட்டித்தான். கல் பட்டு நன்றாக நெளிந்தால் பிஸ்டன் சிக்கும். இரட்டைக்குழாய் வகையில் வெளிக்குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்குழாய் பிழைத்துக்கொள்ளும். எனக்குக் கல் பயம் அதிகம். ஆகவே ஓல்ட் மேன் ஈமு, அதில் நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனிச் சரக்கு. இரட்டைக்குழாய், எண்ணெய் நுரைக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் வாயு. ஈமு என்றதும் நம் ஆட்களுக்கு 2012-இல் பெருந்துறைப் பக்கம் நடந்த ஈமு கோழிக் கூத்துதான் நினைவுக்கு வரும். என் மனைவிக்கும் வந்தது. “இதுலயும் பணத்தைப் போடணுமா?” என்றாள்.

ஜோடி 5,000 ராண்டைக் கொஞ்சம் தாண்டியது. வாங்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, நீட்டினால் எவ்வளவு, அமுக்கினால் எவ்வளவு. ‘பிராடோவுக்கு உண்டு’ என்ற பதில் போதாது. உயர்த்தாத வண்டிக்கு உள்ளதும் உயர்த்திய வண்டிக்கு உள்ளதும் வேறு வேறு. எனக்கு வந்தது பழையதைவிடச் சுமார் 4 சென்டிமீட்டர் அதிகம் நீண்டது. அமுக்கிய நீளத்தை ஏன் கேட்கவேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டுக் காரேஜிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலில் வந்தவராம். பேச்சு முழுக்க டர்பன் ஆங்கிலம், நடுநடுவே பாட்டியிடம் கற்ற தமிழ். ஊர் வழக்கப்படி நான் அவரை ‘அங்கிள்’ என்பேன், அவர் என்னை ‘தம்பி’ என்பார்.

அங்கிள் செய்த முதல் காரியம் புது ஷாக்கை மாட்டியது அல்ல. வண்டியின் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். பழைய ஷாக்கையும் கழற்றினார். மேல் நட்டு ஒரு தொல்லை. ஷாக்கின் தண்டு சட்டத்தின் துளை வழியாக மேலே வந்து நிற்கும், நட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றும், கை நுழைய இடமும் கிடையாது. துருநீக்கி அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து தண்டின் நுனியை ஒரு ஸ்பேனரால் பிடித்து, இன்னொன்றால் கால் கால் சுற்றாகத் திருப்பினார். வலது பக்கத்துக்கே ஒரு மணி நேரம் போனது. கழன்ற வலது ஷாக்கைக் கையால் அமுக்கிவிட்டால் அமுங்கியபடியே கிடந்தது. எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டி மாவுருண்டை மாதிரி ஆகியிருந்தது.

அப்புறம் புது ஷாக்கை ஸ்பிரிங் இல்லாமலே மாட்டி, ஜாக்கால் ஆக்சிலை மேலே தூக்கினார், ஆக்சில் சட்டத்தில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நன்றாக நசுங்கும்வரை. அந்த நிலையிலும் ஷாக்கில் இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. “இது இல்லாட்டி தம்பி, ஷாக்கே பம்ப் ஸ்டாப் ஆயிடும்” என்றார். நீள ஷாக் அமுங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும். ரப்பர் முட்டுவதற்கு முன் ஷாக் அடியில் முட்டினால் ஒரே பெரிய பள்ளத்தில் கதை முடியும். பிறகு ஆக்சிலை முழுக்கக் கீழே தொங்கவிட்டார். இங்கேதான் எனக்கு வியர்த்தது. ஷாக் நீண்டதால் ஆக்சில் முன்பைவிடக் கீழே போகிறது, பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. பழைய குட்டை ஷாக் தெரியாமலே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஹோஸின் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கும் சின்ன பிராக்கெட் ஒன்றைப் போட்டு, ஏபிஎஸ் ஒயரின் கிளிப் ஒன்றையும் விடுவித்துச் சரி செய்தார். வீட்டில் தானே மாட்டப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேல் நட்டை இறுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு இறுக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்பைத் தொட்டதுமே “போதும் தம்பி, போதும்” என்று கையைப் பிடித்தார். அதற்கு மேல் போனால் ரப்பர் சீக்கிரம் கிழியுமாம். கீழ் போல்ட்டைக் காற்றில் தொங்கும்போது இறுக்கவிடவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் இயல்பான உயரத்தில் நிற்கவிட்டுத்தான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் கீழ் முனையின் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். உயர்த்திக் கொடுத்த கடைக்காரர்களுக்கு இதில் எத்தனை தெரியுமோ.

இப்போது 4,000 கிலோமீட்டர் ஆகிறது. ‘டொக்’ முதல் நாளே போய்விட்டது. சாட்ஸ்வர்த் வேகத்தடைகளில் பின்பக்கம் ஒருமுறை அமர்ந்து எழுகிறது, இரண்டாவது துள்ளல் இல்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்து வீட்டுக் கூழ்ப்பானையை டிக்கியில் வைத்துக் கொண்டுபோனேன். இங்கே அதைப் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். போன வருடம் இதே பானை, இதே பாதை, கார்ப்பெட்டில் பாதிக் கூழ். இந்த முறை மூடியைச் சுற்றிக் கட்டிய துணிகூட நனையவில்லை. ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) திடீரென்று பிரேக் போட்டபோது மட்டும் எனக்கு உயிர் போய் வந்தது.

வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் விறைப்புதான். நகரத்துச் சின்னச் சின்ன ஒட்டுகள் எல்லாம் முதுகுக்குத் தெரியும். இதில் ஷாக்கைக் குறை சொல்லமாட்டேன். பழைய கடை போட்ட ஸ்பிரிங் எப்போதும் இருநூறு கிலோ சுமையோடு ஓடுகிற வண்டிக்கானது, நானோ வாரத்தில் ஐந்து நாள் மதிய டப்பாவோடு துறைமுக வேலைக்குப் போகிறவன். ஈமுக்காரர்கள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் விற்கிறார்கள். பாதியை மட்டும் வாங்கினால் பாதிச் சுகம். ஐந்து பேரும் சாமானுமாக ஏறினால் வண்டி அடங்கிவிடுகிறது. செப்டம்பரில் மறுபடி சானி ஏறினோம். சரளையில் பின்பக்கம் நழுவவில்லை. உச்சியில் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. உயர்த்திய வண்டியில் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் நீளக் கம்பி ஆக்சிலையே ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் இழுத்துவிடும். என் வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டுக்கு வெளியே கொஞ்சம் அதிகமாக எட்டிப் பார்ப்பது தெரியும். நீளத்தை மாற்றக்கூடிய கம்பி வாங்கினால் சரியாகும். ஷாக் எதுவும் அதைச் சரி செய்யாது. தீபாவளி போனஸ் வரட்டும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கிள் கூலி 900 ராண்ட் வாங்கினார், ஒரு முழுப் பகல் வேலைக்கு. 1,000 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்தார், போனேன். மேல் நட்டு ஒன்று கால் சுற்று இறங்கியது, மற்றவை அசையவில்லை. அதற்குக் காசு வேண்டாம் என்றார். மாமியார் ஊருக்குக் கிளம்பும் முன் போட்டு வைத்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு பாட்டில் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “எங்க ஆயா போடுவாங்க” என்று சொல்லி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துதான் அடுத்த வண்டியின் கீழே படுத்தார்.