ஆழ்குகை டைவிங்குக்கு உடல் தயாரா? எந்தச் சோதனை எதைச் சொல்லும்

குகைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் நேராக மேலே வர முடியாது. தலைக்கு மேல் பாறை. நுழைந்த வழியாகவே நீந்தித் திரும்ப வேண்டும். ஆழம் அதிகமென்றால் அதன் பிறகு மணிக்கணக்கில் டிகம்ப்ரஷனும், அதாவது உடலில் கரைந்த வாயு வெளியேற நின்று நின்று மேலேறுவதும், பாக்கி இருக்கும். அதனால் "என் ஸ்டாமினா போதுமா?" என்று டைவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எதை வைத்து அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பதில்.

துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வகச் சோதனைதான். முகமூடியை மாட்டி ட்ரெட்மில்லில் ஏற்றி, இனி முடியாது என்கிற வரைக்கும் வேகத்தைக் கூட்டுவார்கள். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே வி.ஓ.2 மேக்ஸ். டைவிங் மருத்துவத்தில் நெடுங்காலம் சொல்லப்பட்ட இலக்கு 13 மெட். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 1 மெட், அதாவது எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர். அப்படிப் பார்த்தால் 13 மெட் என்பது ஏறத்தாழ 45.

அந்த எண்ணைவிடக் கூடவே எடுக்கும் ஈசிஜியைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். 1992 முதல் 2003 வரையிலான 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அலசியபோது, காரணம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் சுமார் கால்வாசியில் இதயம்தான் முதலில் கைவிட்டிருந்தது. 45 வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்களும் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

செலவில்லாத வழி கூப்பர் ஓட்டம். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் வி.ஓ.2 மேக்ஸ் மதிப்பீடு வந்துவிடும். 2,400 மீட்டர் ஓடினால் 42 சொச்சம். 13 மெட்டை எட்ட 2,540 மீட்டர் ஓட வேண்டும். மாதாமாதம் முன்னேற்றம் பார்க்க இது போதும். முட்டி வலிக்காரர்களுக்குப் படியேறும் சோதனை இருக்கிறது, ஆனால் நாடித்துடிப்பை வைத்துக் கணிப்பதால் நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது பொய் சொல்லும். ஸ்மார்ட்வாட்ச் எண்ணும் இதே வகைக் கணிப்புதான். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

நீச்சல் சோதனை ஓட்டத்தைவிட ஒரு படி நெருக்கம். டைவிங் பயிற்சி தரும் ஜி.யூ.இ. அமைப்பின் குகைப் பயிற்சிக்கு 375 மீட்டரை 14 நிமிடத்துக்குள் நிற்காமல் நீந்த வேண்டும். தண்ணீரில் பதற்றமில்லாமல் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். உச்சத் திறனை அது சொல்லாது.

சரி, இவை எல்லாவற்றிலும் நல்ல எண் வந்தால் ஆழ்குகைக்குப் போதுமா? போதாது. கரையில் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இதயம்; ஆழத்தில் அதற்கு முன்பே மூச்சு நிறுத்திவிடும். மேற்பரப்பில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம். 30 மீட்டரில் அழுத்தம் கூடுவதால் அதே லிட்டர் 5 கிராமை நெருங்கும். லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்பது இன்றைய பரிந்துரை. எடை குறைந்த ஹீலியத்தைக் கலப்பதற்கு, ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையைக் குறைப்பது மட்டும் காரணமில்லை, இதுவும்தான். அடர்ந்த வாயுவை வேகமாக இழுத்துவிட நுரையீரலால் முடியாது, கார்பன் டை ஆக்ஸைடு உடலில் தேங்கும். தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில் 2005 ஜனவரி 8 அன்று டைவர் டேவ் ஷா சுமார் 270 மீட்டர் ஆழத்தில் இறந்தது இப்படித்தான். 1994இல் அங்கே இறந்த டியான் டிரேயரின் உடலை மீட்கப் போனவர், கயிற்றோடு போராடிய உழைப்பில் மூச்சு எல்லை மீறியது. அவர் தலையில் இருந்த கேமராவில் அந்த மூச்சொலி பதிவாகியிருக்கிறது.

ஆகவே தண்ணீருக்குள், முழு உபகரணத்தோடு, ஒரே சீரான வேகத்தில் நீந்த எவ்வளவு செலவாகிறது என்று அளப்பதுதான் என் தேர்வு. இரட்டை 12 லிட்டர் சிலிண்டரோடு 10 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் நீந்தி, சிலிண்டர் அழுத்தம் 20 பார் குறைந்தது என்று வையுங்கள். 24 லிட்டரை 20ஆல் பெருக்கினால் 480. 10 நிமிடத்தாலும் 2 பார் அழுத்தத்தாலும் வகுத்தால் நிமிடத்துக்கு 24 லிட்டர். இதில் ஒரு கண்ணி உண்டு. குறைவாக மூச்சு விடுபவர் எல்லாம் திடகாத்திரமானவர் இல்லை. சிலர் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினாலும் மூச்சைக் கூட்டாத உடல்வாகு. எண் அழகாக இருக்கும், டைவ் முடிந்ததும் தலை வலிக்கும். இந்தத் தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

விட்ட மூச்சையே சுத்தப்படுத்தி மீண்டும் தரும் ரீபிரீதர் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. உடல் எரித்த ஆக்ஸிஜனை மட்டும்தான் கருவி ஈடுகட்டும், அதனால் ஆக்ஸிஜன் சிலிண்டரின் இறக்கமே நேரடி அளவு. 3 லிட்டர் சிலிண்டரில் ஒரு மணி நேரத்தில் 20 பார் குறைந்தால் நிமிடத்துக்கு 1 லிட்டர், எந்த ஆழமானாலும் அதேதான். ஆய்வகத்தில் உங்கள் உச்சம் 3 லிட்டர் என்றால், மூன்றில் ஒரு பங்கில் நீந்துகிறீர்கள் என்று தெளிவாகத் தெரியும். ஆழம் மாறாமல் இருக்க வேண்டும், முகமூடியிலிருந்து காற்றைக் கசியவிடக் கூடாது, சிலிண்டர் சூடு ஆறிய பிறகே தொடக்க அளவைக் குறிக்க வேண்டும். இந்தப் பரீட்சையைக் குகையில் வேண்டாம், துணையோடு ஆழமில்லாத திறந்த நீரில் செய்யுங்கள்.