8 வருடம் அதே சட்டைகள்: எந்தப் பட்டன் தாங்கியது?

2017-ல் வேலை மாறியபோது மொத்தமாக எட்டு முழுக்கைச் சட்டை எடுத்தேன், ஐந்து கடையில் வாங்கியது, மூன்று சிங்கப்பூர் தேக்காவில் அளவு கொடுத்துத் தைத்தது. கூடவே ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஒரு ஜிப்பா, தேங்காய்ச் சிரட்டைப் பட்டன் வைத்தது. இன்றைக்கும் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். காலர் மடிப்பில் கொஞ்சம் தேய்ந்ததைத் தவிரத் துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் பட்டன்தான்.

கழன்று விழுந்த பட்டன்களை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன், போன மாதம் கொட்டி எண்ணினால் 23. அதில் உடைந்தது நாலே நாலு. மற்ற 19-ம் கீறல்கூட இல்லாமல் முழுசாக இருக்கின்றன, அதாவது பட்டன் நன்றாகத்தான் இருந்தது, பிடித்திருந்த நூல்தான் விட்டுவிட்டது.

அந்த 19-ல் ஒன்றுகூடத் தைத்த சட்டையிலிருந்து விழுந்ததில்லை, எல்லாமே கடைச் சட்டை. காரணம் தையல். தொழிற்சாலையில் பெரும்பாலும் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும் மெஷினில்தான் பட்டன் வைக்கிறார்கள், வேகமாக முடியும். உங்கள் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பட்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன நூல் வால் தொங்கினால் அதை இழுத்துவிடாதீர்கள். நான் ஒருநாள் ரயிலில் நின்றுகொண்டே இழுத்தேன், சரசரவென்று நாலு துளையிலிருந்தும் நூல் உருவிக்கொண்டு வந்து பட்டன் உள்ளங்கையில் விழுந்தது. முடிச்சு என்று ஒன்று இருந்தால்தானே நிற்கும்!

தேக்கா மாடியில் தைத்துக் கொடுத்த பெரியவரிடம் இதைக் காட்டினேன். "தம்பி, இத துணியோட ஒட்ட வச்சித் தைச்சிருக்காங்க. பட்டன் ஓட்டை இருக்கிற காஜாப் பட்டி ரெண்டு மடிப்புத் துணி, அது வந்து உக்கார இடம் வேணாமா?" என்றார். பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாகவே நூலை ஓட்டித் தைத்தார், பிறகு குச்சியை உருவினார். பட்டன் லூசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் இருந்த அந்த நூலை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, உள்பக்கம் இறக்கி முடிச்சுப் போட்டார். பட்டனுக்குக் கழுத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் அப்படி வைத்துக் கொடுத்த பட்டன் ஆறு வருடமாக அசையவில்லை. நூல் பருத்தி வேண்டாம், பாலியஸ்டர் நூலே போதும் என்றார், நம் வியர்வைக்கும் ஈரத்துக்கும் அதுதான் சரி.

நூல் போவதற்கு இன்னொரு காரணம் துளையின் ஓரம். மலிவான பட்டனில் துளை போட்ட பிறகு ஓரத்தைச் சரியாக வழவழப்பாக்குவதில்லை, அந்தக் கூர்மை தினமும் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நூலைக் கோத்து முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பிசிறு தட்டினால் அந்தப் பட்டனைத் தைக்காதீர்கள்.

சரி, உடைந்த நாலு? இரண்டு சிரட்டைப் பட்டன். வாஷிங் மெஷினில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, நடுவில் விரிசல் விட்டது. மற்ற இரண்டு, தைத்த சட்டை ஒன்றில் இருந்த சிப்பிப் பட்டன். அதன் அழகே தனி, உதட்டில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. ஆனால் மெல்லிசாக இருந்தால் துளைப் பக்கம் சில்லு போகிறது. அப்புறம் ஒரு தவறும் செய்தேன். மழைக்காலத்தில் துணி காயாமல் வாடை வந்ததென்று ஒருமுறை அந்தச் சட்டையை வினிகரில் ஊற வைத்தேன். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட், புளிப்பில் கரையும். பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது, திரும்ப வரவேயில்லை. தைத்துக்கொண்ட மூன்று சட்டையில் நான் ஆசையாகப் போடுவது அதைத்தான், இன்னமும் மனது கேட்கவில்லை.

சாதாரணப் பாலியஸ்டர் ரெசின் பட்டனில் ஒன்றுகூட உடையவில்லை. பிளாஸ்டிக்தானே, இஸ்திரியில் உருகிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அந்த ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் மறுபடி உருகாது. தினசரிக்கு அதைத்தான் சொல்வேன்.

திருப்பூரில் ஏற்றுமதித் துணியின் தரம் பார்க்கும் மச்சான் ஒருவர் இருக்கிறார். குழந்தைகள் துணியென்றால் பட்டனைக் கருவியில் மாட்டி 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்பார்களாம், கிட்டத்தட்ட 9 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால்தான் அவ்வளவு கண்டிப்பு. அதைக் கேட்டதிலிருந்து அக்கா மகளுக்கு உடுப்பு வாங்கினால் கடையிலேயே ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்கிறேன்.

இப்போது புதுச் சட்டை வாங்கினால் போடுவதற்கு முன்பே மேலிருந்து மூன்றாவது, நாலாவது பட்டன், இரண்டு கைப்பட்டி, இவற்றை மட்டும் கழற்றித் தீக்குச்சி முறையில் மறுபடி தைத்துவிடுகிறேன். இழுவிசை அதிகம் விழுவது அங்கேதான். அரைமணி நேரம் ஆகும். துவைக்கப் போடும்போது எல்லாப் பட்டனையும் அவிழ்த்து, சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். உள் ஓரத்தில் தைத்திருக்கும் உபரிப் பட்டனைத் தொலைத்துவிட்டால் 18 லைன் என்று கேட்டு வாங்குங்கள், லைன் என்பது பட்டனின் குறுக்களவு, 40 லைன் ஓர் அங்குலம், ஆக இது 11 மில்லிமீட்டர் சொச்சம், சட்டை முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் அந்த அளவுதான்.