கலமாங் இலக்கணம்: காசில்லாமல் கிடைக்கும் கனமான நூல்

கலமாங் என்ற மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 130 பேர். இந்தோனேசியாவைச் சேர்ந்த மேற்கு நியூகினியில், பொம்பெராய் தீபகற்பத்தை ஒட்டிய கராஸ் தீவுகளில் பெரிய தீவின் மாஸ், அந்தாலிசா என்ற இரண்டு ஊர்களோடு சரி. பிள்ளைகள் பேசுவது அப்பகுதியின் பொதுமொழியான பாப்புவா மலாய். இந்த மொழிக்கு எலினே விசர் எழுதிய முழு இலக்கணத்தை லாங்குவேஜ் சயின்ஸ் பிரஸ் 2022இல் வெளியிட்டது. பிடிஎஃப் இலவசம். 11 மாதக் களப்பணி, 15 மணி நேரத்துக்கும் மேலான பேச்சுப் பதிவு, 1000க்கு மேல் எடுத்துக்காட்டுகள். பெரும்பாலும் ஊரார் இயல்பாகப் பேசியவை என்பதுதான் இதன் பலம்.

ஒவ்வொரு எடுத்துக்காட்டும் மூன்று வரி: கலமாங், சொல்லுக்குச் சொல் இலக்கணக் குறிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு. மூன்றாம் வரியான ஆங்கிலத்தை மட்டும் படித்தால் பாதி போய்விடும். நம் 'நாங்கள்', 'நாம்' போல இங்கே 'இன்', 'பி' என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். நடு வரியில் உள்ள குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் குறிப்பில் வரும் சுருக்கக் குறிகளின் பட்டியலைத் தனியே அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர் தடுக்கி விழும் இடம் வேற்றுமை உருபு. 'பெரிய வீட்டை' என்பதில் அடை முன்னால் வருவதால் 'ஐ' பெயரோடு ஒட்டிவிடுகிறது. கலமாங்கில் பெயர் முதலில், அடையும் எண்ணும் பின்னால். செயப்படுபொருளைக் காட்டும் 'அத்' அந்தத் தொடர் முழுதும் முடிந்தபின் வரும். பெயருக்கு அடுத்தே தேடினால் உருபே இல்லை என்று தோன்றும். நூலில் அதன் முன் '=' குறி இருக்கும். சிறுகோடு போட்டவை சொல்லோடு ஒட்டுபவை; '=' போட்டவை தொடரோடு ஒட்டுபவை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி நூல் திறந்துவிடும்.

'கொடு' பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டு மூவிடப்பெயர் (நான், நீ, அவர் போன்றவை) மட்டும் நின்றே வாக்கியம் முடிந்துவிடும். வினைக்கு ஒலியே கிடையாது.

குறை என்றால், சொல்லழுத்தம், அதாவது சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்வது. எந்த அசையில் விழும் என்று விதி கொண்டு ஊகிக்க முடியாது, அது மொழியின் குணம். ஆனால் படித்து மட்டும் உச்சரிப்பு வராது. இணையத்தில் உள்ள கலமாங் ஒலிப்பதிவுகளையும் அகராதியையும் சேர்த்தே திறந்து வையுங்கள். மொழியியலில் அடிப்படை இல்லாதவர் ஒலியியல் அத்தியாயத்தில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவார். மூவிடப்பெயர், பெயர்த்தொடர், வினை என்று போய்விட்டு ஒலிக்குத் திரும்புவது மேல்.