பழைய கொரொல்லாவுக்கு முழுச் செயற்கை கியர் ஒயில்: ஹட்டன் மலைப்பாதையில் ஓராண்டு

ஆம்சோயில் நிறுவனத்தின் ‘சிக்னேச்சர் சீரிஸ் மல்டி வெஹிக்கிள்’ என்னும் முழுச் செயற்கை ஒட்டோ கியர் ஒயிலை, 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான எனது டொயோட்டா கொரொல்லா 121இல் ஊற்றி ஓராண்டு ஓட்டிய பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஒயில் நல்லது. ஆனால் அது நல்லதாக அமைந்ததற்குக் காரணம் அதன் செயற்கைத்தன்மை என்பதைவிட, என் கியர்பெட்டி கேட்கும் வகையைச் சேர்ந்தது என்பதே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நானே ஒருமுறை பணத்தை இழந்திருக்கிறேன்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்ததால், எங்கள் ஊரில் 121 வைத்திருப்பவர்கள் அதனைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். கியர்பெட்டி பழுதடைந்தால், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குச் சென்று, யாரோ ஓட்டிக் கழித்த ஒன்றைத் தேடி வாங்க வேண்டும் என்ற அச்சமே அதற்குப் போதுமான காரணம். அந்த அச்சத்தில்தான் நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கராஜில் கியர் ஒயிலை மாற்றக் கொடுத்தேன். “சிவப்பு ஒயில் எல்லாம் ஒன்றுதான், சேர்” என்று சொல்லி, பவர் ஸ்டியரிங்குக்கு வைத்திருந்த கேனிலிருந்தே ஊற்றினார்கள். கேனில் டெக்ஸ்ரோன் 3 என்று எழுதியிருந்தது. சில நூறு கிலோமீற்றருக்குள், கொட்டகலையைத் தாண்டிச் சற்றுச் சமமாக ஓடும் இடங்களில், மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றர் வேகத்தில், கல் பரப்பிய பாதையில் சக்கரம் ஏறுவதுபோல ஒரு நடுக்கம் தோன்றத் தொடங்கியது.

அந்த நடுக்கத்தின் காரணம் எளிது. ஒட்டோ கியர் வாகனத்தில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் டோர்க் கன்வேட்டர் இருக்கிறது. அது ஒயிலைச் சுழற்றியே விசையைக் கடத்துகிறது. ஓரளவு வேகம் வந்ததும் அதற்குள் இருக்கும் லொக்-அப் கிளட்ச் பிடித்து, ஒயிலின் வழுக்கலை நிறுத்துகிறது. அந்தக் கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பின்னர் எவ்வாறு பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஒயிலில் கலந்துள்ள உராய்வு மாற்றிகள் என்னும் இரசாயனங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமது கிளட்ச் தகடுகளுக்கு ஏற்ப இந்தக் கலவையை வகுத்துக்கொள்வதால், சிவப்புச் சாயம் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. ஒழுக்கு ஏற்பட்டால் எஞ்சின் ஒயிலிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்கே அந்தச் சாயம்.

எனது காரில் உள்ளது யூ340ஈ என்ற நான்கு வேகக் கியர்பெட்டி. அதன் ஒயில் அளவுக் கம்பியின் பிடியிலேயே ‘டைப் டீ’ என்றும், அதனை அடுத்து ரோமன் எழுத்தில் நான்கு என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளாக எஞ்சின் மூடியின் கீழ் இருந்த அந்த விடையை நான் வாசித்துப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதே ஒயில் வகை, டொயோட்டாவுக்குப் பல கியர்பெட்டிகளைச் செய்துகொடுக்கும் ஐசின் குழுமத்தின் வழக்கில் ஜே.டபிள்யூ.எஸ். 3309 என்று அழைக்கப்படுகிறது. ஆகவே, போத்தலின் பின்புறத்தில் டைப் டீ-4 அல்லது ஜே.டபிள்யூ.எஸ். 3309 என்ற குறிப்பு இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. அது இல்லாத போத்தல் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் காருக்குப் பொருந்தாது.

கடைக்காரர்கள் அடுத்ததாக முன்வைப்பது டொயோட்டா டபிள்யூ.எஸ். அக்வாவும் பிரியஸும் பெருகிய பின்னர் இந்த ஒயில் எங்கும் கிடைக்கிறது, ஏனெனில் அந்த ஹைபிரிட் வாகனங்களின் கியர்த்தொகுதி இதையே கேட்கிறது. “இது புதியது, டீ-4ஐ விட நல்லது” என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 100 பாகை செல்சியஸில் டீ-4இன் பாகுநிலை, அதாவது தடிப்பு, ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக், டபிள்யூ.எஸ்.இன் பாகுநிலை ஏறத்தாழ 5.5. டபிள்யூ.எஸ். வேண்டுமென்றே மெல்லியதாக வடிவமைக்கப்பட்டது. எரிபொருளைச் சேமிப்பதற்காக அதற்கேற்பச் செய்யப்பட்ட பெட்டிகளுக்கு அது உரியது. தேய்ந்த சீல்களும் இருபது வயதான வால்வுகளும் உள்ள பெட்டியில் மெல்லிய ஒயில் சூடேறும்போது அழுத்தம் குறையும். இவ்விரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாகாது என்பது டொயோட்டாவின் நிலைப்பாடும் ஆகும்.

டெக்ஸ்ரோன் 3 பற்றியும் ஒரு வார்த்தை. அது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தரக்குறியீடு. 2005இல் டெக்ஸ்ரோன் 6 வந்ததன் பின்னர், பழைய குறியீட்டுக்கு உரிமம் வழங்குவதை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. எனவே இன்று கடையில் நிற்கும் ‘டெக்ஸ்ரோன் 3’ போத்தலின் தரத்துக்கு, அந்தப் பெயரின் சொந்தக்காரர் பொறுப்பாளி அல்லர். பவர் ஸ்டியரிங்குக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

இனிச் ‘செயற்கை’ என்ற சொல்லுக்கு வருவோம். பொலிஅல்பாஒலிபின் போன்ற, இரசாயன முறையில் கட்டியெழுப்பப்படும் மூல எண்ணெயைக் கொண்டவை மட்டுமே ஒருகாலத்தில் செயற்கை ஒயில் எனப்பட்டன. கச்சா எண்ணெயை ஐதரசனால் கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் வகுப்பு எண்ணெயையும் அவ்வாறு அழைக்கலாம் என்ற நிலை 1999இல் அமெரிக்காவில் எழுந்த ஒரு விளம்பரத் தகராற்றின் முடிவோடு உறுதியானது. இதனால் ‘முழுச் செயற்கை’ என்று எழுதப்பட்ட இரண்டு போத்தல்களுக்குள் வெவ்வேறு பொருள்கள் இருக்கக்கூடும். அதற்காக மூன்றாம் வகுப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. கணிம எண்ணெயைக் காட்டிலும் அது வெப்பத்தை நன்றாகவே தாங்குகிறது. போத்தலின் முகப்புச் சொல்லுக்கு மட்டும் விலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மலைநாட்டுக்காரருக்குச் செயற்கை ஒயிலால் கிடைக்கும் பயன் எது? மறை நாற்பது பாகைக் குளிரிலும் ஓடும் என்று விளம்பரங்கள் பெருமைப்படுகின்றன. நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. அதற்கு மேல் நமக்குக் குளிர் இல்லை, எந்த நல்ல ஒயிலும் அதைச் சமாளிக்கும். நம்முடைய பிரச்சினை வெப்பம். கித்துல்கலையில் களனி ஆற்றங்கரையை விட்டு ஏறத் தொடங்கினால், கினிகத்தேனை, வட்டவளை என்று ஹட்டன் வரை வளைவுக்கு மேல் வளைவு. அங்கிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு மீண்டும் ஏற்றம். பாரம் ஏற்றிய லொறியின் பின்னால் மணிக்கு இருபது கிலோமீற்றரில் ஊர்ந்து செல்லும்போது லொக்-அப் கிளட்ச் பிடிப்பதில்லை. டோர்க் கன்வேட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, வழுக்கும் விசை முழுவதும் ஒயிலில் சூடாக மாறுகிறது. சூடேறிய ஒயில் ஒட்சியேற்றமடைந்து கறுக்கிறது, உராய்வு மாற்றிகள் தேய்கின்றன. இந்தச் சிதைவைத் தாமதப்படுத்துவதுதான் செயற்கை மூல எண்ணெயின் உண்மையான பணி.

ஆம்சோயிலைத் தெரிவு செய்ததற்கு மூன்று காரணங்கள். அதன் பொருத்தப் பட்டியலில் டைப் டீ-4 வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதன் பாகுநிலை டீ-4ஐ ஒட்டியதாக, ஏழரை சென்டிஸ்டோக் அளவில் இருக்கிறது. மெல்லிய ஒயில் கேட்கும் பெட்டிகளுக்கு அதே நிறுவனம் வேறொரு போத்தலைத் தனியாக விற்கிறது. ஒரே ஒயில் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லாமல் இரண்டாகப் பிரித்திருப்பது எனக்கு நம்பிக்கை தந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பட்டியலில் இருப்பது ஒயில் தயாரிப்பாளரின் பரிந்துரையே தவிர டொயோட்டாவின் ஒப்புதல் அன்று. குறைகள் இரண்டு. ஒன்று விலை, கொழும்பில் வாங்கியபோது ஒரு லீற்றருக்கான கணக்கில் டொயோட்டாவின் சொந்த டீ-4ஐ விடக் கணிசமாகக் கூடியது. மற்றது அளவு, போத்தல் அமெரிக்கக் குவார்ட் அளவில், 946 மில்லிலீற்றர் மட்டுமே கொள்கிறது. மூன்று லீற்றர் தேவை என்று மூன்று போத்தல் வாங்கிக்கொண்டு மலையேறுபவர் கடைசியில் ஒரு கோப்பைக்குக் குறைவுபடுவார்.

இந்தப் பெட்டியில் மொத்தம் ஆறு லீற்றருக்கு மேல் ஒயில் இருந்தாலும், அடியிலுள்ள நட்டைக் கழற்றினால் வடிவது ஏறத்தாழ மூன்று லீற்றர் மட்டுமே. மிகுதி டோர்க் கன்வேட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். எனவே வடித்து நிரப்புவதை இடைவெளி விட்டு மூன்று முறை செய்தேன். தவறான ஒயிலைக் கழுவி வெளியேற்றுவதற்காக முதல் முறை டொயோட்டா டீ-4ஐயும், பின்னிரு முறைகள் ஆம்சோயிலையும் ஊற்றினேன். ஏழு போத்தல் போதுமாயிற்று. மூன்றாம் முறைக்குப் பின்னர் பழைய ஒயிலில் ஆறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து முழுவதையும் ஒரே தடவையில் வெளியேற்றும் முறையை, இத்தனை வயதான பெட்டிக்கு நான் விரும்பவில்லை.

நிரப்பிய பின்னர் அளவு பார்ப்பதுதான் எங்கள் ஊரில் கடினமான வேலை. காரைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் 70 முதல் 80 பாகை வரை சூடேறிய நிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுசென்று திருப்பி, கம்பியில் ‘சூடு’ எனக் குறித்த எல்லைக்குள் பார்க்க வேண்டும். ஹட்டனில் சமதரையைத் தேடிக் கடைசியில் கோவில் முன்றலுக்குத்தான் சென்றேன். கூடுதலாக ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல். சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

பலன் என்ன? நடுக்கம் இரண்டாம் முறைக்குப் பின்னர் முற்றாக நின்றது. காலையில் ரிவர்ஸ் போடும்போது இருந்த தயக்கம் குறைந்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் கடந்தும், வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் தெளிந்த சிவப்பாகவே பரவுகிறது, கருகிய மணம் இல்லை. பெற்றோல் செலவில் எந்த மாற்றமும் இல்லை. அதை எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், நடுக்கம் நின்றதற்கான பெருமை சரியான வகை ஒயிலுக்குரியது, செயற்கைக்கு மட்டும் உரியதன்று. பண்டாரவளையில் இருக்கும் என் மைத்துனர் இதே 121இல் டொயோட்டாவின் சாதாரண டீ-4ஐ இருபதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றி வருகிறார். அவருடைய கார் என்னுடையதைப் போலவே மென்மையாகக் கியர் மாறுகிறது. உரிய காலத்தில் தவறாமல் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு அதுவே போதும். என்னைப் போல வாரத்துக்கு இருமுறை ஏறி இறங்குபவரும், மாற்றும் நாளைத் தள்ளிப்போடுபவரும் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்.

ஒயில் எதுவானாலும் ஏற்றத்தில் ஓ.டி. (ஓவர்டிரைவ், அதாவது நான்காம் கியர்) பொத்தானை அணைத்துவிடுவது சூட்டைக் குறைக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பெட்டி அல்லாடாது. ரேடியேட்டரையும் கவனியுங்கள். கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் அதன் உள்ளே ஓடுகிறது. அது ஓட்டையானால் நீர் கலந்து ஒயில் இளஞ்சிவப்புப் பால் போலாகும், கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பகுதி கழன்றுவிடும்.

அக்ஸியோ 141, பிரீமியோ 260 வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த மதிப்பீடு பொருந்தாது. அவற்றில் இருப்பது பட்டியும் கப்பிகளும் கொண்ட சீ.வீ.டி. பெட்டி, அதற்குரிய ஒயிலே வேறு, அதில் இத்தகைய சாதாரண ஒட்டோ கியர் ஒயில் எதையும் ஊற்றலாகாது. நான் வாங்கியவற்றில் அரைப் போத்தலுக்கு மேல் மிஞ்சியதை, ‘121 கியர், டீ-4 மட்டும்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டி டிக்கியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது கராஜில் கேனைத் தூக்கினால் எடுத்துக் காட்டுவதற்கு.