கமெண்ட்டில் சண்டையா, லிங்க்கா, ஒரு ஃபோனா?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவேக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். எல்லோரும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமரா முன்னால் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று காலை நான் ஃபோனை எடுத்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு வரி போட்டிருந்தார்: "விவேக்குக்கே இந்தக் கதி. நமக்கெல்லாம் எதுக்கு ஊசி?"

அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் அவர். அப்போது வயது 61, பத்து வருஷமாகச் சர்க்கரை. நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவள். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். கொரோனா ஊசிப் பேச்சு ஓய்ந்துவிட்டது, ஆனால் "படிச்சவன் சொல்றதை நம்பாதே" என்ற பேச்சு வேறு வேறு விஷயங்களில் தினமும் வருகிறது. அதனால் எந்த வழி எங்கே எடுபடும் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது.

முதல் வழி, சும்மா இருப்பது. படித்தவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது என்று நகர்ந்துவிடுவார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் இருந்தேன். சாயங்காலத்துக்குள் அந்த வரிக்குக் கீழே ஒன்பது கட்டைவிரல்கள். எதிர்த்து ஒரு சொல்கூட இல்லை. ஊசி போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அத்தைக்கு அந்த அமைதியே பதிலாகப் போய்விட்டது. ஜெர்மனியில் பிலிப் ஷ்மிட், கோர்னேலியா பெட்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். அறிவியலை மறுப்பவர் பொதுவில் பேசும்போது எதிர்ப்பேச்சே இல்லாமல் விடுவதுதான் கேட்பவர்களிடம் அதிகக் கெடுதல் செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். மௌனத்தைப் பெருந்தன்மை என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டாவது வழி, எல்லோர் முன்னாலும் மல்லுக்கட்டுவது. மறுநாள் அதைச் செய்தேன். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னதைப் போட்டேன். நாடு முழுக்க ஒரு நாளைக்கு 20 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்ட வாரங்கள் அவை. அத்தனை பேரில் சிலருக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் மாரடைப்பு வருவது, ஊசியே இல்லாவிட்டாலும் நடக்கும். இதையும் எழுதினேன். எழுதியதில் தப்பில்லை. ஆனால் நடுவில் "கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க சித்தப்பா" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அத்தை மகன் உடனே வந்தான்: "டீச்சர் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சாச்சு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது." பத்துச் சிரிப்பு பொம்மைகள். அதற்கப்புறம் பேச்சு ஊசியைப் பற்றியே இல்லை. நான் பெரியவரை மதிக்கவில்லை என்பதாகிவிட்டது. ராத்திரி சித்தப்பா குரூப்பை விட்டு வெளியேறினார்.

ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் இது இன்னும் மோசம். அங்கே தோற்பதை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் யாருமே இறங்கி வர முடியாது. சண்டை பெருகப் பெருக அந்தப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படுகிறது. ஆனாலும் பொதுவில் பதில் சொல்வது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரூப்பில் வாயே திறக்காத சித்தி மகள் இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கேட்டாள்: "அக்கா, நான் பால் கொடுக்கிறேன், போடலாமா?" என் பதில் சித்தப்பாவிடம் போகவில்லை, அவளிடம் போயிருந்தது.

மூன்றாவது, உண்மை சரிபார்த்த செய்தியின் லிங்க்கைப் போட்டுவிட்டு ஒதுங்குவது. உண்மையைக் காட்டினால் ஆட்கள் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள் என்று 2010 முதல் ஒரு கருத்து உலவியது. பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 52 விஷயங்களில் சோதித்தபோது அது தென்படவில்லை. ஆகவே லிங்க் கெடுதல் இல்லை. குறை என்னவென்றால் யாரும் திறப்பதில்லை, திறந்தாலும் காலம் கடந்திருக்கும். விவேக் விஷயத்தையே பாருங்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். வதந்திக்கு முழுசாக ஆறு மாதம் கிடைத்தது.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வைத்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்திகளுக்கு அதையும் ஒன்றாகக் குறைத்தது. பரவுவது மெதுவாகலாம். சித்தப்பா மனசில் இருக்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நாலாவது நாள் ஃபோன் பண்ணினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். விவேக் பேச்சையே எடுக்காமல், "உங்களுக்கு என்ன பயம் சித்தப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்ங்கிறாங்க. கடையை யாரும்மா திறக்கிறது?" அடுத்து வந்ததுதான் உள்ளே கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காலில் ஆறாத புண்ணோடு ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இந்த மாத்திரை எதுக்கு என்று கேட்டதற்கு, "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று சீட்டை மேசைக்குக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள். "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவங்ககிட்ட எதுவும் கேட்கக் கூடாதுன்னு" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரை அறிவுக்கு எதிரி என்று மனசுக்குள் முத்திரை குத்தியிருந்தேன். அவரோ அறிவைத் தேடிப்போய்க் கேள்வி கேட்டவர், கேட்டதற்காக அவமானப்பட்டவர். கேள்விக்குப் பதில் தராத படிப்பைத்தான் ஏட்டுச் சுரைக்காய் என்கிறார்கள். எல்லோருக்கும் இந்தக் கதை இருக்காது. பொய்யென்று தெரிந்தே விற்றுப் பிழைப்பவர்களும் யூடியூப்பில் இருக்கிறார்கள், அவர்களோடு ஃபோனில் உருக வேண்டியதில்லை, பொதுவிலேயே முகத்துக்கு நேராக மறுக்க வேண்டும். ஆனால் அவர்கள் பேச்சை நம்புகிறவர் நம் வீட்டு ஆள் என்றால் அவருக்குத் தேவை சபை இல்லை, தனியாக ஒரு காது.

நாற்பது நிமிஷம் பேசினோம். ஊசிக்கு அப்புறம் என்னென்ன வரலாம், எது வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மறைக்காமல் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொள்வது, ஞாயிறு கடையைத் தம்பி பார்த்துக்கொள்வது என்று முடிவானது. குரூப்பில் 34 பேர். ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிஷம் என்னிடம் இல்லை. அதனால் இப்போது பொதுவில் இரண்டே பதில், மரியாதையாக, தகவலோடு, வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்காக. மூன்றாவது பதில் எழுதக் கை வந்தால் அந்த ஆளுக்கு ஃபோன் செய்கிறேன்.

சித்தப்பா எதைப் பார்த்தாலும் இப்போது குரூப்பில் போடும் முன் எனக்கு அனுப்புகிறார். போன வாரம் ஒரு மூலிகைப் பொடி, சர்க்கரைக்கு. அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே போடவில்லை. "எனக்குத் தெரியலை சித்தப்பா, விசாரிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றேன்.

"சரிம்மா, கேட்டுச் சொல்லு" என்றார்.