காலிப்பர் துரு: கம்பி பிரஷா, சிட்ரிக் ஆசிட்டா, கன்வெர்ட்டரா?

பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ இரண்டு மழைக்காலம் திறந்தவெளியில் நின்ற காரின் அலாய் வீல் இடுக்கில் எட்டிப் பாருங்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிரேக் பிடிக்கும் காலிப்பர் செம்மண் அப்பியதுபோல் இருக்கும். மழைக்கு மறுநாள் டிஸ்க்கிலும் துரு ஏறும்தான். நாலு தடவை பிரேக் மிதித்தால் பேட் அதை உரசித் துடைத்துவிடும். காலிப்பரை உரச ஆளில்லை. பெரும்பாலும் வார்ப்பிரும்பு வேறு. உப்புக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் கண்ணில் படும் இந்தத் துரு பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். பிரேக்கைக் கெடுப்பது வேறு மூன்று இடங்களில் பிடிக்கும் துரு: காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேட்டின் காதுகள் நகரும் தடம், காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின், பேட்டைத் தள்ளும் பிஸ்டன். தடத்தில் துரு உப்பினால் அதன்மேல் இருக்கும் கிளிப் தூக்கிக்கொள்ளும், பேட் இறுகி நிற்கும், ஒரு பக்கம் மட்டும் தேயும், சக்கரம் சுடும். எந்த முறை நல்லது என்பதை இந்த இடங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கம்பி பிரஷும் எமரி ஷீட்டும்தான் எனக்கு முதல் தேர்வு. காலிப்பரைக் கழற்றாமல், வண்டியிலேயே வைத்துச் செய்ய முடிகிற ஒரே நிம்மதியான முறை இது. செலவு சொற்பம், கை வலிக்கும், அவ்வளவுதான். டிரில் மெஷினில் கிண்ண வடிவக் கம்பி பிரஷ் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் ஒருமுறை பட்டால் கிழிந்துவிடும். கிழிசல் வழியே தண்ணீர் போய் பிஸ்டன் துருப்பிடிக்கும். அதனால் ரப்பர் பக்கம் கையால் மட்டும். பிரேக் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடையுங்கள், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். ரப்பர் உறையில் பெட்ரோல், டீசல் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

சிட்ரிக் ஆசிட், நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது, பிராக்கெட்டுக்கு மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் மிஞ்சும். பிராக்கெட்டில் பிஸ்டன் இல்லை. ஸ்லைடு பின்களையும் அவற்றின் ரப்பரையும் உருவிவிட்டால் மிச்சம் வெறும் இரும்பு. லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து ராத்திரி ஊறவிட்டால், பிரஷ் நுழையாத மூலைத் துருவும் காலையில் கறுத்து இளகியிருக்கும். வினிகரும் இதையே செய்யும், மெதுவாக, வாடையும் தாங்காது. எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் வையுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே புதுத் துரு படரும். முழுக் காலிப்பரை மட்டும் இதில் முக்காதீர்கள். உள்ளே இறங்கும் ஆசிட்டுக்கு வெளியே வர வழியில்லை.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கும் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக். துருவோடு நிற்காமல் இரும்பையும் தின்னும், அதன் ஆவியே பக்கத்திலிருக்கும் ஸ்பேனர்களைத் துருப்பிடிக்க வைக்கும். பேச்சே வேண்டாம்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் துருவை எடுப்பதில்லை, மாற்றுகிறது. அதிலுள்ள பாஸ்பாரிக் அல்லது டானிக் ஆசிட் துருவோடு சேர்ந்து கறுத்த படலமாகிறது. உதிரும் துருவை முதலில் பிரஷ் போட்டு நீக்கிவிட்டு வெளி உடலில் பூசி, மேலே சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்ட் அடித்தால் கடலோர வண்டிக்கு இதுதான் அதிக நாள் நிற்கும். பேட் நகரும் தடத்தில் மட்டும் படக் கூடாது. படலம் சேர்ந்து பேட்டை மறுபடி இறுக்கிவிடும்.

பேட்டரி சார்ஜரும் சலவை சோடாவும் வைத்துச் செய்யும் மின்பகுப்பு முறை படிக்கச் சுவாரசியமானது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அடுக்குமாடி வீட்டு பால்கனிக்கு ஆகாது. நாலு பிராக்கெட்டுக்காக இவ்வளவு ஏற்பாடா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காந்தம் ஒட்டாத காலிப்பர் அலுமினியம். அதற்கு ஆசிட்டும் சலவை சோடாவும் ஆகாது. பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

ஆக, வெளி உடலுக்கு பிரஷும் கன்வெர்ட்டரும், கழற்றிய பிராக்கெட்டுக்கு எலுமிச்சை உப்பு. ரப்பர் உறையைத் தள்ளிப் பார்க்கும்போது பிஸ்டன் பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் எந்த முறையும் உதவாது. சீல் கிட்டோடு பிஸ்டனையும் மாற்றுங்கள்; சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் பழைய காலிப்பரே கிடைக்கும், ஆனால் பிரேக்குக்குப் பழசு வாங்க எனக்கு மனசு வராது.

எதைச் செய்தாலும் வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுங்கள். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். மாட்டும்போது பின்களுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ், போல்ட்டுக்கு இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். வண்டியை நகர்த்தும் முன்பே அது கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள்.